ப்ரெவான் பாறையில் ஒரு நாள்: வழிகாட்டியோடு போல்ட் வழியில் ஏறப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரான்ஸில் சாமோனி ஊருக்கு நேர் மேலே நிற்கிறது ப்ரெவான் சிகரம். உயரம் 2525 மீட்டர். அதன் செங்குத்தான பாறைமுகத்தில் சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு ஃப்ரிசோன்-ரோஷ் என்ற ஏறுவழி போகிறது. வழி நெடுகப் பாறையில் போல்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். காலையில் கேபிள் காரில் மேலே போய், வழிகாட்டியோடு பாறை ஏறி, மாலைக்குள் ஊருக்குத் திரும்பிவிடலாம். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் தமிழர்களும், கோடை விடுமுறைக்கு இந்தியாவிலிருந்து வருகிறவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வழிகாட்டியை வைத்துக்கொள்வதால் நீங்கள் வெறும் பயணி ஆகிவிடுவதில்லை. அவர் முன்னால் ஏறும்போது அவருடைய கயிறு உங்கள் கையில்தான் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைச் சுற்றித்தான் போகும்.

போல்ட் வழி என்றால் என்ன?

பாறையில் துளை போட்டு, எஃகு ஆணி ஒன்றை உள்ளே இறுக்கி, அதன் தலையில் ஓட்டை உள்ள ஒரு தகட்டைப் பூட்டியிருப்பார்கள். அதுதான் போல்ட். ஐரோப்பியத் தரப்படி அது சுமார் இரண்டரை டன் எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்க வேண்டும். இரண்டு கராபினர்களை (திறந்து மூடும் உலோக வளையங்களை) ஒரு சிறு பட்டையால் இணைத்த குவிக்டிராவை முன்னால் ஏறுகிறவர் போல்ட்டில் மாட்டி, அதற்குள் தன் கயிற்றைப் போட்டுக்கொண்டு மேலே போவார். தவறி விழுந்தால், கடைசியாக மாட்டிய போல்ட் அவரைப் பிடித்து நிறுத்தும். அந்தப் போல்ட்டுக்கு மேலே அவர் இரண்டு மீட்டர் போயிருந்தால், குறைந்தது நான்கு மீட்டர் விழுவார். கயிறு நீளுகிற தூரம் அதற்கு மேல்.

முழு வழியையும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. கயிற்றின் நீளத்துக்குத் தக்கபடி துண்டு துண்டாக ஏறுவார்கள். ஒரு துண்டுக்கு ஒரு பிட்ச் என்று பெயர். ஒவ்வொரு பிட்ச்சின் முடிவிலும் இரண்டு உறுதியான போல்ட்கள் இருக்கும். வழிகாட்டி அங்கே தன்னைக் கட்டிக்கொண்டு உங்களை மேலே வரவைப்பார். ஃப்ரிசோன்-ரோஷ் வழியில் இப்படி ஆறேழு பிட்ச் வரும். சிலவற்றை வழிகாட்டி ஒன்றாகச் சேர்த்துவிடுவதும் உண்டு.

போல்ட்தான் அடித்து வைத்திருக்கிறார்களே, அப்புறம் வழிகாட்டி எதற்கு?

விழுந்தால் எது தாங்கும் என்ற கேள்விக்குத்தான் போல்ட் பதில் சொல்கிறது. மலையில் மற்ற கேள்விகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஏறுவழியின் அடிவாரத்துக்கு எந்தப் பிளவு வழியாக இறங்குவது, அங்கே பனி கெட்டியாகக் கிடந்தால் என்ன செய்வது, நமக்கு மேலே ஏறுகிறவர்கள் கல்லைத் தட்டிவிட்டால் எங்கே ஒதுங்குவது, மதியம் மேகம் திரண்டால் மேலே ஓடுவதா கீழே இறங்குவதா, பக்கத்து வழியின் போல்ட் வரிசையை நம்முடையது என்று நினைத்துவிடாமல் இருப்பது எப்படி: இதற்கெல்லாம் எஃகு உதவாது. போல்ட்களுக்கு நடுவில் உள்ள தூரமும் ஏறிப் பழகும் ஜிம்மின் செயற்கைச் சுவரில் இருப்பதுபோல் நெருக்கமாக இருக்காது. சுலபமான இடங்களில் நன்றாகவே தள்ளித் தள்ளி அடித்திருப்பார்கள்.

அனுபவம் உள்ள இரண்டு பேர் வழிகாட்டி இல்லாமலே இந்த வழியை ஏறுகிறார்கள், தினமும். பல பிட்ச் வழிகளில் முன்னால் ஏறிப் பழகியவர், கயிற்றில் தொங்கி இறங்கத் தெரிந்தவர் என்றால் உங்களுக்கும் வழிகாட்டி தேவையில்லை. ஜிம்மில் மட்டும் ஏறியிருக்கிறீர்கள் என்றால் தேவை. இதில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

என்னால் ஏற முடியுமா? எந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்?

இந்த வழியின் கடினமான இடம் பிரெஞ்சு அளவுகோலில் 6a. எண் கூடக் கூடக் கடினம் கூடும். பெரும்பகுதி 5-ஐ ஒட்டியே போகும். ஜிம்மில் மேலிருந்து கயிறு கட்டி 6a சுவர்களை நிதானமாக, அடுத்தடுத்து நான்கைந்து முறை ஏற முடிகிறவர் தயாராக இருக்கிறார் என்று சொல்வேன். ஒரே ஒருமுறை, கை நடுங்கி, கடைசிப் பிடியில் தாவி ஏறியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாவது மணி நேரத்தில், முதுகில் பையோடு, தூக்கம் குறைந்த உடம்போடு அதே கடினத்தை ஏற வேண்டியிருக்கும்.

ஜிம்மில் பிடிகள் வண்ணம் வண்ணமாகக் கண்ணுக்குத் தெரியும். இங்கே அவற்றை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ப்ரெவான் இருக்கும் எகுயி ரூஜ் மலைத்தொடர் நைஸ் வகைப் பாறை, இரும்புச் சத்தால் செந்நிறம் ஏறியது. விளிம்புகள் கூராகவும் சிறிதாகவும் இருக்கும். கையால் இழுப்பதைவிட, காலின் முன்நுனியை ஒரு விரற்கடை அகல விளிம்பில் வைத்து, அதன் மேல் முழு எடையையும் நம்பி ஏற்றத் தெரிய வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் பழக கர்நாடகத்தில் உள்ள பதாமிக்குப் போகலாம். அங்கே உள்ளது மணற்பாறை, ஆனால் நல்ல போல்ட் வழிகள் நிறைய உண்டு. ஐரோப்பாவில் இருப்பவர்கள் உள்ளூர் ஜிம்மோடு நிறுத்திக்கொள்ளாமல், வெளியே உண்மையான பாறையில் ஒன்றிரண்டு வார இறுதிகளாவது செலவழித்துவிட்டு வாருங்கள்.

இதுவரை ஏறியதே இல்லை. நேராக இதில் சேரலாமா?

வேண்டாம். சாமோனியிலேயே, ஊரை ஒட்டி, காயான் என்ற பாறைச்சுவர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கேதான் பழகுகிறார்கள். முதல் நாள் வழிகாட்டியோடு அங்கே போங்கள். பிடித்திருந்தால் 4 அளவிலான ஒரு பல பிட்ச் வழி. ப்ரெவான் அதற்கு அப்புறம். பணம் இருக்கிறது என்பதற்காக ஒரு வழிகாட்டி உங்களை இழுத்துக்கொண்டு மேலே போகலாம், ஆனால் அந்த நாளில் உங்களுக்கு நினைவிருக்கப் போவது முழங்கால் வலி மட்டும்தான்.

அந்த நாள் எப்படிப் போகும்?

சாமோனி 1035 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து முதல் கேபினைப் பிடித்து ப்ளான்ப்ரா வரை, சுமார் 2000 மீட்டர். அங்கே மாறி, ப்ரெவான் உச்சிக்குப் போகும் கேபிள் கார். இரண்டாவது பயணத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டு பாறைமுகத்தைப் பாருங்கள். வழிகாட்டி விரலால் காட்டுவார்: அதோ அந்தப் பெரிய பலகைப் பாறை, அதன் இடப்பக்கம் போகும் விளிம்பு.

இங்கே ஒரு விசேஷம் உண்டு. உச்சியில் இறங்கி, அங்கிருந்து கீழே நடந்து, அப்புறம்தான் அடிவாரம் வரும். அதாவது முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். இறங்கும் வழி சரளைக் கற்கள் நிறைந்த செங்குத்தான பிளவு. ஜூன் கடைசி வரையிலும், சில ஆண்டுகளில் ஜூலை தொடக்கத்திலும் அதில் பனி கெட்டித்துக் கிடக்கும். நாளின் ஆபத்தான பகுதி எது என்று கேட்டால், பாறைமுகத்தைவிட இந்த இறக்கத்தைத்தான் சொல்வேன். இன்னும் கயிற்றில் கட்டிக்கொள்ளவில்லை, சாதாரண ஷூ, மனது ஏற்கெனவே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டி இங்கேயே கயிறு கட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் ஹார்னஸ் (இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டும் பட்டை), ஹெல்மெட், ஏறும் ஷூ. கயிற்றை ஹார்னஸில் கட்டும் எட்டு வடிவ முடிச்சைப் போட்டதும் வழிகாட்டி உங்கள் முடிச்சைப் பார்ப்பார். நீங்களும் அவருடையதைப் பார்க்க வேண்டும். முடிச்சில் கயிறு இரட்டை இரட்டையாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் ஓடுகிறதா, ஹார்னஸின் இரண்டு கண்ணிகள் வழியாகவும் போயிருக்கிறதா, மீதி வால் ஒரு சாண் அளவு இருக்கிறதா. முப்பது வருடம் ஏறியவருடைய முடிச்சை நான் சரிபார்ப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் பேச்சில் மறந்துபோனவர்களில் பெயர்பெற்ற வல்லுநர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் ஏற்றம். மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும், முன்னால் வேறு குழுக்கள் இருந்தால் கூடுதலாக. வழி கேபிள் கார் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போய் முடிகிறது. ஒரு பிடியில் கையை வைத்து உடம்பைத் தூக்கினால், வேலிக்கு அந்தப் பக்கம் சுற்றுலாப் பயணிகள். எதிரே, பள்ளத்தாக்கைத் தாண்டி, மோன் பிளாங் தொடர் முழுவதும் விரிந்து கிடக்கும். கடைசி இறங்கு கேபினின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் சாமோனி வரை சுமார் 1500 மீட்டர் இறக்கம், கால்நடையாக.

வழிகாட்டி ஏறும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பிலே. அதாவது அவருடைய கயிற்றைக் கருவி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது, விழுந்தால் பிடிப்பது. இந்தப் பதிலை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

ஹார்னஸில் மாட்டிய கருவிக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. மேல் கை கயிற்றை வெளியே விடும். கீழ் கைதான் பிரேக். அந்தக் கை எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை விட்டு வரக் கூடாது. மூக்கு அரித்தாலும், போன் அடித்தாலும், தண்ணீர் பாட்டில் உருண்டாலும் வரக் கூடாது. கயிற்றை நகர்த்த வேண்டும் என்றால் கையை அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போக வேண்டும், திறந்து மூடக் கூடாது. விட்டுக்கொடுக்கும் கயிறு மிகவும் தொய்வாக இருந்தால் அவர் விழும் தூரம் கூடும். மிகவும் இறுக்கமாக இருந்தால், அவர் போல்ட்டில் மாட்டக் கயிற்றை இழுக்கும் நேரத்தில் நிலைதடுமாறுவார். அவர் கை கயிற்றுக்குப் போவதைப் பார்த்ததும் ஒரு கை நீளம் தாராளமாகக் கொடுங்கள், மாட்டி முடித்ததும் மிச்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிட்ச் தொடங்கியதும், நின்ற இடத்தின் போல்ட்டிலேயோ அதற்கு அடுத்த முதல் போல்ட்டிலேயோ வழிகாட்டி உடனே கயிற்றை மாட்டுவதைக் கவனிப்பீர்கள். அது இல்லாமல் விழுந்தால் அவருடைய முழு எடையும் வேகமும் நேரே உங்கள் ஹார்னஸில் வந்து இறங்கும். மாட்டியிருந்தால் இழுப்பு மேல்நோக்கி வரும், தாங்குவது எளிது. 6a பாறையில் அவர் விழ வாய்ப்புக் குறைவுதான். ஆனால் ஒரு பிடி உடைந்து கையோடு வந்துவிடலாம், காலுக்குக் கீழே ஈரம் இருக்கலாம். அந்த ஒரு நொடிக்காகத்தான் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள்.

இதை ஜிம்மிலேயே, முன்னால் ஏறுகிறவரைப் பிடித்துப் பழகிவிட்டு வாருங்கள். முன்பதிவு செய்யும்போதே இதில் உங்களுக்கு எவ்வளவு பழக்கம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பழக்கம் இல்லை என்றால் வழிகாட்டி தானே பூட்டிக்கொள்ளும் வகைக் கருவி கொடுப்பார், அல்லது முந்தின நாள் அரை நாள் பயிற்சி கேட்பார். மறைத்தால் யாருக்கும் நல்லதில்லை.

அவர் மேலே போனதும்?

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் போகும். காற்று இருந்தால் குரலும் கேட்காது. அதனால் காலையிலேயே நான்கைந்து வார்த்தைகளைப் பேசி வைத்துக்கொள்வீர்கள்: நான் கட்டிக்கொண்டேன், கயிற்றை எடுத்துவிடு, ஏறு, இறுக்கு, தளர்த்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வழியில் யாரோ கத்தியதைக் கேட்டுக் கயிற்றைக் கழற்றிவிட்டால் அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் பிலேவை விடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள். கயிறு முழுவதும் மேலே போய், உங்கள் இடுப்பில் இழுப்பு தெரிந்து, அது தொடர்ந்து உங்களோடு வந்தால்தான் உங்கள் முறை.

நீங்கள் ஏறும்போது வழியில் உள்ள குவிக்டிராக்களைக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். முதலில் போல்ட் பக்கத்து கராபினரைக் கழற்றுங்கள். குவிக்டிரா கயிற்றிலேயே தொங்கும். அதை ஹார்னஸில் மாட்டிவிட்டு, கடைசியாகக் கயிற்றிலிருந்து எடுங்கள். இந்த வரிசையில் செய்தால் கை வியர்த்திருந்தாலும் சாமான் கீழே விழாது. கீழே வேறு ஆட்கள் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். தவறி எதையாவது போட்டுவிட்டால், கல்லோ கராபினரோ, உடனே தொண்டை கிழியக் கத்துங்கள்.

பிட்ச் முடிவில் வழிகாட்டி நிற்கும் இடத்துக்கு வந்ததும், ஹார்னஸோடு கட்டியிருக்கும் உங்கள் பட்டையைப் போல்ட்டில் மாட்டி, கராபினரின் திருகை இறுக்குங்கள். அதை அழுத்திப் பாருங்கள், திறக்கக் கூடாது. அதன்பிறகு, அவர் சொல்லாமல், அங்கே உள்ள எதையும் தொட்டுக் கழற்றாதீர்கள். ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும் கயிறுகளில் எது யாரைத் தாங்குகிறது என்று முதல் பார்வையில் தெரியாது.

நான் விழுந்தால் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கயிறு மேலிருந்து வருவதால் கயிறு நீளுகிற அளவுக்கு இறங்கி, அப்படியே தொங்குவீர்கள். ஒரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடரலாம். பக்கவாட்டில் போகும் இடங்கள்தான் வேறு மாதிரி. அங்கே விழுந்தால் நேர் கீழே போகாமல், ஊசலாடிப் பாறையில் மோதலாம். அதற்காகத்தான் வழிகாட்டி அந்த இடங்களில் நெருக்கமாக மாட்டி வைப்பார். பக்கவாட்டு நகர்வை முழுவதுமாக முடித்துக் கால் நிலைத்த பிறகு அடுத்த குவிக்டிராவைக் கழற்றுங்கள். அவசரப்பட வேண்டாம்.

நடுவில் முடியவில்லை என்றால்?

முதலில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஆட்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: வழிகாட்டி கேட்டால் "பரவாயில்லை, போகலாம்" என்று சொல்லிவிடுவார்கள், முகத்தில் ரத்தமே இருக்காது. மரியாதைக்காகச் சொல்லும் அந்தப் பொய் பாறையில் நேரத்தைத் தின்னும். கயிற்றை இறுக்கிப் பிடிக்கச் சொல்லலாம், குவிக்டிராவைக் கையால் பிடித்து ஏறலாம், வழிகாட்டி கப்பி அமைத்துக் கொஞ்சம் இழுத்துவிடலாம். இதில் எதுவும் அவமானம் இல்லை. முதல் இரண்டு மூன்று பிட்ச் என்றால் கயிற்றில் இறங்கித் திரும்பிவிடலாம், நிற்குமிடங்களில் எல்லாம் போல்ட் இருக்கிறது. பாதியைத் தாண்டிவிட்டால் மேலே போவதுதான் விரைவு.

உயரம் என்றால் எனக்குப் பயம்.

பயம் வேறு, கை கால் உறைந்துபோவது வேறு. பயம் ஏறுகிற எல்லோருக்கும் உண்டு. கண்ணுக்கு எதிரே உள்ள ஒரு மீட்டர் பாறையை மட்டும் பார்த்து, அடுத்த காலை எங்கே வைப்பது என்று யோசித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மொட்டைமாடி விளிம்பில் நிற்கவே முடியாதவர் என்றால், முதலில் காயானில் இருபது மீட்டர் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2500 மீட்டரில் மூச்சு வாங்குமா?

ஊட்டியில் தொட்டபெட்டாவுக்குப் போயிருக்கிறீர்களா? அது 2637 மீட்டர், ப்ரெவானைவிட உயரம். ஆகவே உயரத்தால் மட்டும் பெரிய தொந்தரவு வராது. படி ஏறும்போது கொஞ்சம் இளைக்கும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அவ்வளவே. குளிர்தான் வேறு. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி குறையும். சாமோனியில் 25 டிகிரி என்றால் மேலே 15 டிகிரி இருக்கும், வெயில் மறைந்து காற்று அடித்தால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே மட்டும் ஏற வேண்டாம். தூக்கம் கெட்டிருக்கும்.

எந்த மாதம் நல்லது? மழை வந்தால்?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. கேபிள் கார் ஓடும் தேதிகளை முதலில் பாருங்கள், அது ஓடாத நாளில் இது ஒரு நாள் வேலை இல்லை. கோடையில் ஆபத்து மதியத்துக்கு மேல் வரும் இடி மின்னல். காலையில் நீலமாக இருந்த வானம் இரண்டு மணிக்குள் கறுத்துவிடும். சிகரத்தின் விளிம்பில், இடுப்பில் இரும்புச் சாமான்களோடு நிற்பது மின்னலுக்கு ஏற்ற இடம் இல்லை. முதல் கேபினைப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். இடி எனக் கணிப்பு இருந்தால் வழிகாட்டி இடத்தையோ நாளையோ மாற்றுவார். விடுமுறை முடிகிறது என்று அவரை வற்புறுத்தாதீர்கள். பயணத் திட்டத்தில் ஒரு உபரி நாளை வைத்துக்கொண்டு வந்தால் இந்தச் சிக்கலே வராது.

என்ன போட்டுக்கொள்வது, என்ன கொண்டுவருவது?

முழங்கால் மடங்கும் நீள பேன்ட், வியர்வை காயும் சட்டை, ஒரு ஃப்ளீஸ், காற்றும் மழையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், கருப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன். நம் நிறத்துக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் சாயங்காலம் உதடு வெடித்துத் திரும்புகிறார்கள். நடக்க நல்ல பிடிப்புள்ள ஷூ. ஹார்னஸ், ஹெல்மெட், ஏறும் ஷூ மூன்றும் சாமோனியில் வாடகைக்குக் கிடைக்கும். ஏறும் ஷூவை விரல் முன்னால் முட்டும் அளவில் எடுங்கள், ஆனால் மணிக்கணக்கில் போட்டிருக்க முடிய வேண்டும். ஜிம்மில் போடும் உயிர்போகும் இறுக்கம் இங்கே வேண்டாம்.

மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள், திருமண மோதிரத்தையும்தான். பாறை வெடிப்பில் மோதிரம் சிக்கிக்கொள்ள, உடம்பின் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் இறங்கினால், விரலின் தோலும் சதையும் உறையாகக் கழன்று வந்துவிடும். வளையல், தொங்கும் காதணி, நீளச் சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள் அதைச் சுருட்டி, சட்டைக்குள் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். நீள முடியை இறுகப் பின்னி உள்ளே செருகிக்கொள்ளுங்கள். பிலே கருவிக்குள் முடி மாட்டினால் விடுவிப்பது பெரும்பாடு.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சாண்ட்விச், வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய்: நிற்கும் இடத்தில் ஒரு கையால் சாப்பிடக்கூடிய எதுவும் சரி. மஞ்சள் அலகுள்ள மலைக்காகங்கள் வரும், போட்டுப் பழக்காதீர்கள். கழிப்பறை கேபிள் கார் நிலையத்தில் இருக்கிறது. பாறையில் இல்லை. கயிற்றில் கட்டிக்கொள்ளும் முன் போய்விட்டு வாருங்கள். பெண்கள் மாதவிடாய் நாளில் ஏறலாம். வழிகாட்டியிடம் நேரம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, அவர்கள் இதை வாரம்தோறும் கேட்கிறவர்கள்.

நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு ஆகும்?

பிரான்ஸில் இந்த வேலைக்கு அரசு அங்கீகரித்த உயர்மலை வழிகாட்டிப் பட்டயம் கட்டாயம். அதற்கான தேசியப் பள்ளியே சாமோனியில்தான் இருக்கிறது. மலை வழிகாட்டிகளின் சர்வதேசக் கூட்டமைப்பின் சின்னம் பொறித்த அட்டை அவரிடம் இருக்கும், கேட்டால் காட்டுவார். ஊரின் வழிகாட்டிகள் சங்கம் 1821-இல் தொடங்கியது. முந்தைய ஆண்டு மோன் பிளாங்கில் பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் இறந்ததை அடுத்து, அவர்கள் குடும்பங்களுக்கு உதவவும் வேலையை ஒழுங்குபடுத்தவும் அமைத்தார்கள். அதுவரை வெளியூர்க்காரர்களைச் சேர்க்காத அந்தச் சங்கத்தில், 1930-இல் இடம்பெற்ற முதல் வெளியூர்க்காரர் பாரிஸில் பிறந்த ரோஜே ஃப்ரிசோன்-ரோஷ். நீங்கள் ஏறும் வழிக்கு அவர் பெயர்தான்.

ஒரு நாள் கட்டணம் 400 யூரோவைத் தாண்டும். இந்த மாதிரி வழியில் ஒரு வழிகாட்டி இரண்டு பேருக்கு மேல் கூட்டிப்போக மாட்டார், ஆகவே நண்பரோடு வந்தால் பாதியாகும். அவருடைய கேபிள் கார் செலவு பொதுவாக உங்களுடையது. உங்கள் இருவரில் ஒருவர் மிகவும் பலவீனம் என்றால் தனித்தனி நாட்கள் எடுப்பதே மேல். மூன்று பேர் கயிற்றில் ஒருவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

இன்சூரன்ஸ் வேண்டுமா?

வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். அதுவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பல பாலிசிகள் கயிறு கட்டி ஏறும் மலையேற்றத்தைப் பெயர் சொல்லியே விலக்குகின்றன. சிறிய எழுத்தில் உள்ள விலக்குப் பட்டியலைப் படியுங்கள், தேவையானால் கூடுதல் காப்பீடு வாங்குங்கள். பிரான்ஸில் அரசின் மலை மீட்புப் படை மீட்டுக் கொண்டுவருவதற்குப் பணம் வாங்குவதில்லை. அதற்குப் பிறகு வரும் மருத்துவமனைச் செலவும் ஊர் திரும்பும் செலவும்தான் ஆளை முறிக்கும். அவசர எண் 112.

போட்டோ எடுக்கலாமா?

நிற்குமிடத்தில், நீங்கள் யாரையும் பிலே செய்யாத நேரத்தில், போனைக் கயிற்றால் ஹார்னஸில் கட்டியிருந்தால் எடுக்கலாம்.

பிடித்துப்போனால் அடுத்து என்ன ஏறலாம்?

அதே எகுயி ரூஜ் தொடரில் 2595 மீட்டர் உயர இண்டெக்ஸ் சிகரம் இருக்கிறது. அதன் தென்கிழக்கு விளிம்பு ப்ரெவானைவிடச் சுலபம், ஆனால் கூர்மையான உச்சியில் போய் நின்று, அங்கிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். அந்த அனுபவத்துக்காகவே அதைச் சொல்வேன். அதற்கும் அப்புறம், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், 3842 மீட்டரில் எகுயி து மிடி. அதன் தெற்குச் சுவரில் பிரெஞ்சு மலை வழிகாட்டி கஸ்தோன் ரெபுஃபா 1956-இல் திறந்த வழி, செந்நிற கிரானைட்டில். அங்கே போக முதலில் பனிவிளிம்பில் கிராம்பான் (ஷூவின் அடியில் மாட்டும் முள் சட்டம்) மாட்டி இறங்க வேண்டும், உயரமும் உண்மையிலேயே மூச்சை வாங்கும். ஆகவே அதற்கு முன் இரண்டு மூன்று நாட்களாவது மேலே தங்கி உடம்பைப் பழக்குங்கள், கிராம்பானில் நடக்கவும் தனியாக ஒரு நாள் கற்றுக்கொள்ளுங்கள்.